சோளக்கட்டைச் சுங்கான்

குற்றாலம் கோயிலுக்குப் போகும் வழியில் ஒருவர் சாக்கு விரித்து, மக்காச்சோளக் கட்டையில் செய்த, புகைபிடிக்கும் சுங்கான்களைப் பரப்பியிருக்கிறார். ஒவ்வொன்றிலும் முழ நீளத்துக்கு நாணல் தண்டு.

அருவியில் குளித்து, திருநீறு பூசி நிற்கிறேன். பக்கத்தில் என் அண்ணன். வாயில் புற்றுநோய்; திருநெல்வேலி டாக்டர் கைவிரித்துவிட்டார். நோவில்லாமல் கொண்டுபோ என்று குற்றாலநாதரிடம் கேட்கத்தான் வந்திருக்கிறோம். பீடிச் சூடு உதட்டில் பட்டால் அண்ணன் துடித்துப்போகிறார். நீளத் தண்டென்றால் புகை ஆறி வருமாம்.

அண்ணன் ஒரு சுங்கானை எடுக்கக் குனிகிறார். கடைக்காரர் அவர் வாயைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்புகிறார்.

"அண்ணாச்சி, மத்தவுக வாய் வச்சாத் தொடச்சுக்கிடலாம். அவுக வச்சா எவன் வாங்குவான்? நீங்க இழுத்துப் பாருங்க. காத்து தடையில்லாம வரணும்."

"நான் புகையிலையத் தொட்டதே இல்லையே. சாமி கும்பிடப் போறேன்."

அண்ணன் சிரிக்கப் பார்க்கிறார். "சாமி கோவிச்சா எம்பேரச் சொல்லுலே."

மூன்றாவது சுங்கானில் காற்று சுலபமாக வருகிறது. அதை வாங்கி, மரத்தடியில் உட்கார்ந்து, அண்ணனின் பீடியைப் பிரித்துப் புகையிலை நிரப்பிப் பற்றவைத்துக் கொடுக்கிறேன். அண்ணன் கன்னம் குழிய இழுக்கிறார். புகை ஏறவில்லை, இழுக்கத் தெம்பில்லை. சுங்கானை என்னிடம் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

நான் அதை வாயில் வைத்து இழுக்கிறேன். இருமலை அடக்கிக்கொண்டு, அண்ணன் முகத்தருகே மெல்லப் புகையை விடுகிறேன். கண்ணை மூடி மோந்துகொள்கிறார்.

"இன்னொண்ணு விடுலே."

கோயிலில் உச்சிகால மணி அடிக்கிறது. நான் மறுபடியும் இழுக்கிறேன்.