விமானத்துக்கு உடைத்த தேங்காய்

டெல்லியில் நிறைமாதமாக இருக்கும் என் மகளுக்குப் புதன்கிழமை காலை ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் திடீரென்று சொல்லிவிட்டார். "அம்மா, நீ வந்தாத்தான் நான் உள்ளே போவேன்" என்று திங்கட்கிழமை போனில் அழுதாள். செவ்வாய்க்கிழமை விமானத்துக்கு டிக்கெட் போட்டேன்.

என் போதாத காலம், எங்கோ ஒரு விமானம் விழுந்து, டிவியில் மூன்று நாளாக அதையே காட்டிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் சாப்பாட்டுத் தட்டோடு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ப்ளேன் வேண்டாம், கேட்டியா? ட்ரெயின்ல போனாப் போறும்."

"ட்ரெயின் போய்ச் சேர்றதுக்குள்ள கொழந்தைக்குப் பல்லு மொளைச்சுடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவருடைய அண்ணா போனது விமானத்திலா? பால் வாங்கக் கிளம்பி, கரமனையில் ரோட்டைக் கடக்கும்போது. அதற்காக மறுநாளிலிருந்து இந்த வீட்டில் பால் வாங்காமல் இருந்தோமா? பக்கத்து வீட்டு மாமி குளியலறையில் வழுக்கி விழுந்து போனாள். எந்த டிவியும் காட்டவில்லை. எங்கள் தெரு இன்னும் தினமும் குளிக்கிறது.

கடைசியில் இறங்கி வந்தார். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போகலாமாம். கிளம்பும் நாள் காலையில் என்னை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து, பதினொரு தேங்காய்ப் பையைக் கைப்பிடியில் தொங்கவிட்டுப் புறப்பட்டார். ஹெல்மெட் எங்கே என்றேன்.

"தோ இருக்கற கோவிலுக்கு எதுக்கு?"

கிழக்கேகோட்டையில் பஸ்கள் திரும்பும் இடத்தில் பை கைப்பிடிக்கும் வண்டிக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. இவர் இடப்பக்கம் திருப்புகிறார், வண்டி நேராகப் போகிறது. எதிரே பஸ். அந்த டிரைவர் சட்டென்று பிரேக் போட்டதால்தான் இன்று இதை எழுதுகிறேன். தேங்காய்கள் ரோடெங்கும் உருண்டன. முழங்கை சிராய்த்து நானும் ரோட்டில் கிடந்தேன்.

டிரைவர் மலையாளத்தில் திட்டித் தீர்த்தார். இவர் முகத்தில் ஈயாடவில்லை. என்னைத் தூக்கிவிட்டுத் தேங்காய் பொறுக்கினார். ஏழுதான் கிடைத்தது.

"ஒண்ணும் ஆகல்லியே?"

"ஆகியிருந்தா டிவில காட்டியிருப்பாளா?" என்று கேட்டேன்.

ஏழையும் உடைத்துவிட்டு வீடு திரும்பினோம். மத்தியானம் பெட்டியோடு நான் ஆட்டோவில் ஏற, சங்குமுகம் விமான நிலையம் வரை அவர் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார். அப்போதும் தலையில் ஒன்றுமில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "பத்திரமாப் போயிட்டு வா" என்று கண் கலங்கினார்.

நான் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி, வாங்கிய நாளிலிருந்து உள்ளேயே கிடந்த ஹெல்மெட்டை எடுத்தேன். அத்தனை பேர் பார்க்க அவர் தலையில் மாட்டி வாரை இறுக்கினேன்.

"ஆகாசத்துல போற எனக்கு ஒண்ணும் ஆகாது. ரோட்டுல போறது நீங்களாக்கும். ஆத்துக்குப் போறவரைக்கும் இதைக் கழட்டப்படாது."

விமானம் மேலே ஏறும்போது பக்கத்து இருக்கைக்காரர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. சங்குமுகத்திலிருந்து கோட்டையில் எங்கள் வீடு வரைக்கும் ரோட்டில் எத்தனை திருப்பம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.