கற்பூரத்துக்குப் பதில் ஒரு ஸ்கேன் படம்

என் வீட்டுக்காரர் பொய் சொல்கிறார் என்று ஊரே நம்பியபோது, முதல் ஆளாக நம்பியவள் நான்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்ன செய்ய, எனக்கு வாய் முந்திக்கொள்ளும், புத்தி பின்னால்தான் வரும்.

எங்களுடையது பாகூர் ஏரி வாய்க்காலில் பாயும் கழனி. பக்கத்துக் கழனிக்காரரும் இவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், வாடா போடா என்று பழகினவர்கள். வரப்புத் தகராறில் மூன்று வருஷமாகப் பேச்சு நின்றுபோயிருந்தது. போன சம்பாவில் அவர் நெல் முற்றி, அறுப்பு மிஷின் இறங்குவதற்காகத் தண்ணீரை வடித்துக் கழனியைக் காயப் போட்டிருந்தார். மிஷின் வருகிற அன்று விடிந்து பார்த்தால் கணுக்கால் தண்ணீர். அந்தக் கழனிக்குப் போகும் மடையை யாரோ வெட்டித் திறந்திருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ. இவருக்கு இடக்கைப் பழக்கம். மடை வெட்டினால் சேற்றுக் கட்டி மற்றவர்களுக்கு விழுகிற பக்கம் விழாது. அதையும் செங்கல் மாதிரி வரிசையாக அடுக்கி வைப்பார். வாய்க்காலில் இவர் வெட்டு எது என்று யாரும் கேட்கவே வேண்டாம். அன்றைக்கும் கட்டிகள் வரிசையாகத்தான் இருந்தன.

"நான் தொறக்கலமே," என்றார் என்னிடம்.

"அப்ப கட்டி தானா நடந்து போயி அடுக்கிகிச்சா? செய்யறதயும் செஞ்சிட்டு வூட்ல வந்து கத அளக்கறியா?" என்று கத்தினேன். இவர் மம்மட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

மிஷின் சேற்றில் இறங்க முடியாமல் திரும்பிப் போனது. நெல் சாய்ந்து பாதி முளைத்துவிட்டது. பஞ்சாயத்தில் பேச்சு முற்றி, "வர்ற அமாவாசைக்கு அம்மன் கோயில்ல கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்றேன்" என்று இவரே சொல்லிவிட்டு வந்தார். எங்கள் ஊரில் அதற்கு மேல் விசாரணை கிடையாது. எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொன்னால் சொன்னதுதான். பொய்யாக இருந்தால் வம்சத்தையே பிடிக்கும் என்பார்கள். எங்களுக்கு இருப்பதோ ஒரே மகள்.

வில்லியனூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அவளுக்குப் போன் போட்டு அழுதேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அம்மா, அப்பா பொய் சொல்லல. தீவாளிக்கு வரிச கொண்டாந்தப்ப ஒரே சேதிய நாலு வாட்டி கேட்டாரு. பஸ்ஸ வுட்டு எறங்கி, எங்க வூட்டுக்கே வழி கேட்டுகினு வந்தாரு. நீ கத்துவேன்னுதான் நான் ஒங்கிட்ட சொல்லல. டாக்டர்கிட்ட இட்டுனு போலாம்."

விதை நெல்லை ஊறப்போட்டுவிட்டு இவர் மறந்துபோனது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கும் திட்டித்தான் இருந்தேன்.

பாண்டி ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரம்மாவுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். அவசரமே படவில்லை. மூன்று வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஒன்றுதான் வந்தது. கடிகாரம் வரையச் சொன்னார். எண்களெல்லாம் ஒரே பக்கமாக ஒண்டிக்கொண்டன. கட்டியைக் கோடு போட்ட மாதிரி அடுக்குகிற கை அது.

ரத்தம் எடுத்த பிறகு ஸ்கேன். உடம்பில் இரும்பு, வெள்ளி எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். இவர் வெள்ளி அரைஞாணைக் கழற்ற மாட்டேன் என்று நின்றார். செத்தவனுக்குத்தான் அரைஞாண் அறுப்பார்கள் என்பது எங்கள் பழக்கம். ஸ்கேன் எடுக்கிற பெண் சிரிக்கவில்லை. கட்டுத்துணியில் ஒரு நீளம் கிழித்துக் கொடுத்து, "அம்மா, மொதல்ல இத கட்டிவுடுங்க, அப்பறம் அத அவுருங்க" என்றாள். அவளுக்குக் கோயில் கட்டினாலும் தகும்.

டாக்டரம்மா படத்தில் இரண்டு இடங்களைத் தொட்டுக் காட்டினார். புதிதாக நடப்பதைப் பதிய வைக்கிற இடமாம், வயசுக்கு மீறிச் சுருங்கியிருக்கிறதாம். "படத்த மட்டும் பாத்து முடிவு சொல்ல மாட்டோம். கேள்வி கேட்டது, ரத்தம், நீங்க சொன்னது, எல்லாம் சேத்துதான் சொல்றேன். மறதி நோயோட ஆரம்பம் இது. முழுசா குணமாக்க முடியாது. ஆனா சீக்கிரமே வந்துட்டீங்க, சமாளிக்க வழி இருக்கு." மண்டையைத் திறக்காமலே மனுஷனுடைய மறதியைப் பார்க்கக் கண்டுபிடித்திருக்கிறார்களே என்று மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

இவர் ஒன்றே ஒன்று கேட்டார். "அப்ப நான் பொய் சொல்லலியாம்மா?"

"இல்லீங்க ஐயா. மடைய நீங்க தொறந்திருக்கலாம். தொறந்தது உங்க மனசுல பதியவே இல்ல. நீங்க எதையும் மறைக்கல."

நோய் என்றதற்குக் கலங்காதவர் இதற்குக் கண் கலங்கினார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பஸ்ஸில் வரும்போது, படத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாம், மூளை கலங்கினவர் என்று ஊர் பேசும் என்றேன். "வாணாம்மே. பொய்யன்னு பேர் வாங்கறதுக்கு இது தேவல," என்றார்.

அமாவாசையன்று தட்டில் கற்பூரம் எரிந்தது. இவர் அதில் கை வைக்கவில்லை. படத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மறந்துவிடுமே என்று, சொல்ல வேண்டியதை மகளை விட்டுப் படத்தின் உறைமேல் எழுதி வாங்கியிருந்தார். அதைப் பார்த்துப் படித்தார்: "மடைய தொறந்தது நான்தான். எனக்கு நெனப்பு இல்ல. உன் நெல்லு போனது என்னால. நான் பொய் சொல்லல."

ஊர் கூடியிருக்க இப்படிச் சொல்ல எத்தனை ஆம்பளைக்கு நெஞ்சு வரும்? பக்கத்துக் கழனிக்காரர் படத்தை வாங்கித் தலைகீழாகவே வெகுநேரம் பார்த்தார். உறையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கற்பூரம் தானே எரிந்து அடங்கியது.

மறுநாள் காலை அந்தப் பக்கத்துக் கழனிக்காரரே மம்மட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். "வாடா, மடை பாத்துட்டு வரலாம்," என்றார். அதிலிருந்து தினமும் சேர்ந்துதான் போகிறார்கள். எந்த மடை என்று அவர் சொல்ல, இவர் இடக்கையால் வெட்டுகிறார்.

இவருக்கு இப்போது டாக்டரம்மா சொன்னதும் நினைவில் நிற்பதில்லை. "ஏமே, நான் பொய் சொல்லலதானே?" என்று திடீர் திடீரென்று கேட்பார். கோபக்காரி நான், இதற்கு மட்டும் கோபப்படுவதில்லை. உறையை எடுத்து வந்து காட்டுவேன். போன வாரம் தோசை மாவில் கை வைத்திருந்தபோது கேட்டார். நான் கை கழுவிக்கொண்டு வருவதற்குள், டீ குடித்துக்கொண்டிருந்த பக்கத்துக் கழனிக்காரர் முந்திக்கொண்டார்.

"இல்லடா. நீ பொய் சொல்லல."

முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.