அம்மை வந்தது எனக்கு, வீட்டுக்கு இல்லை

நீங்கள் ஆத்தாவோடு என்றைக்காவது சண்டை போட்டிருக்கிறீர்களா? கும்பிட்டிருப்பீர்கள், அழுதிருப்பீர்கள், கூழ் ஊற்றியிருப்பீர்கள். அதைக் கேட்கவில்லை. நேருக்கு நேர் நின்று, "நீ பண்றது சரியில்ல" என்று சண்டை.

நான் போட்டிருக்கிறேன். நம் கோயில் ஆடி மலரில் எல்லோரும் உருகி உருகி எழுதுவார்கள். எனக்கு உருக வராது. நடந்ததை நடந்தபடி டைப் அடித்துக் கொடுக்கிறேன். பிழை இருந்தால் மெஷின் மேல் பழியைப் போடுங்கள்.

இந்த வருஷம், 1991, பங்குனி மாசம். எனக்கு இருபத்து மூன்று வயசு. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு ஆவடியில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிறேன். ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் வீடு. ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையலறை, அவ்வளவுதான். அப்பா டெப்யூடேஷனில் ஜபல்பூர் போயிருந்தார். நான் நண்பன் கல்யாணத்துக்கு சேலம் போய், நாலு நாள் கழித்துத் திரும்பினேன். ரயிலிலேயே காய்ச்சல். ஆவடி ஸ்டேஷனில் இறங்கும்போது கழுத்தெல்லாம் அரிப்பு. வேர்க்குரு என்று நினைத்தேன்.

வீட்டில் அக்கா வசந்தி உட்கார்ந்திருந்தாள். தலைப்பிரசவத்துக்காக முந்தின நாள்தான் வந்திருந்தாள். ஒன்பதாம் மாசம்.

"கல்யாண சோறு துன்னு மூஞ்சி எப்டி உப்பிப்போச்சி பாரும்மா" என்று சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. கிட்டே வந்து என் சட்டைக் காலரை இழுத்துப் பார்த்தாள். நெஞ்சு முழுக்க நீர் கோத்த முத்து. உடனே அக்காவை ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

அரை மணி நேரத்தில் பெரியம்மா வந்துவிட்டாள். அம்மாவின் அக்கா, பக்கத்து பிளாக். கை நிறைய வேப்பிலைக் கொத்து. வாசலில் சொருகிவிட்டுச் சட்டம் போட ஆரம்பித்தாள்.

"ஆத்தா ஊடு தேடி வந்துகீறா. மூணாந் தண்ணி ஊத்தற வரைக்கும் இந்த ஊட்லேர்ந்து ஒருத்தரும் வெளிய போவக்கூடாது, ஒருத்தரும் உள்ள வரக்கூடாது. தாளிக்கக்கூடாது. மருந்து மாத்திரைன்னு மூச்சே உடக்கூடாது."

"அப்ப நீ எப்டி உள்ள வந்த பெரியம்மா?"

"ஒடம்பெல்லாம் முத்து வந்துகீது, இந்த வாய்ல ஒண்ணு வரல பாரு உனக்கு."

அவள் என்னைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டாள். முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள்.

"எங்கடி போன?" என்றாள் பெரியம்மா.

"மோர் வாங்க."

தூக்குவாளி காலி. அம்மா அக்காவின் பிரசவ கார்டை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரி டாக்டரம்மாவிடம் ஓடியிருக்கிறாள். என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"டாக்டரம்மா பதறிட்டாங்கடா. வசந்திக்குச் சின்ன வயசுல அம்மை வந்திருக்கான்னு கேட்டாங்க. இல்லன்னேன். பிரசவ சமயத்துல தாய்க்கு வந்தா புள்ளைக்கும் வந்துடுமாம். பச்சை உடம்பு தாங்காதாம். ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கவே கூடாதுன்றாங்க."

அக்காவை எங்கே அனுப்புவது? அக்காவின் மாமியார் வீடு நெய்வேலியில். அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார வைக்க முடியாது. அப்படியே போனாலும் அம்மை கண்ட வீட்டிலிருந்து வந்தவளை அவர்கள் உள்ளே விட மாட்டார்கள். போக வேண்டியவன் நான்தான். எழுந்து லுங்கி, துண்டு எல்லாம் பையில் போட்டேன்.

பெரியம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "ஆத்தா எறங்கின ஒடம்ப வாசப்படி தாண்ட வெச்சா அவ கோவம் எங்க போவும்? வயித்துல கீற புள்ள மேலதான் போவும். அப்பறம் என்னைக் கேக்காத."

உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் பையைக் கீழே வைத்துவிட்டேன். காய்ச்சலால் இல்லை. நான் ஆத்தாவை நம்புகிறவன். காலேஜில் நாத்திகம் பேசிய பயல்களோடு கட்டிப் புரண்டவன். நான் போய், அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? போகாமல் ஆகிவிட்டால்?

அப்போது என் வாயிலிருந்து ஒன்று வந்தது. யோசித்துச் சொன்னதில்லை.

"பெரியம்மா, அவ வந்தது எனக்கு. ஊட்டுக்கு இல்ல. நான் எங்க போறேனோ அவளும் அங்க வருவா. நான் அவளைத் தொரத்தல. கூட்டிக்கினு போறேன்."

பெரியம்மா வாசலை விட்டு ஒரு எட்டு நகர்ந்தாள். அம்மா வாசலில் சொருகியிருந்த வேப்பிலைக் கொத்தை உருவி என் கையில் கொடுத்தாள். "போ" என்றாள்.

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா கத்தினாள். "டேய், போவாதடா. எனக்கு ஒண்ணும் ஆவாது."

"நீ வாயை மூடிக்கினு புள்ளையப் பெத்துப்போடு" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.

போன இடம் சேக்காடு, ஆவடிக்குப் பக்கம். என் கிளாஸ்மேட் அந்தோணியின் அப்பா அங்கே வீடு கட்டிக்கொண்டிருந்தார். மேலே கான்கிரீட் போட்டாகிவிட்டது. கதவு, ஜன்னல் எதுவும் வரவில்லை. அந்தோணிக்கு மூன்றாம் வகுப்பிலேயே அம்மை வந்து போய்விட்டதால் அவன் பயப்படவில்லை. அவன் அப்பா மட்டும் ரோட்டிலேயே நின்று குரல் கொடுத்தார். "ஊடு இன்னும் மந்திரிக்கலப்பா. ஃபாதர் வந்து மந்திரிக்கற வரைக்கும் உங்க ஆத்தா தங்கிட்டுப் போவட்டும்."

சிமெண்ட் மூட்டைக்குப் பக்கத்தில் வாழையிலையைப் பரப்பிப் படுத்தேன். அடுத்த நாலு நாளை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு வந்தால் விளையாடிக்கொண்டே எழுந்துவிடும். பெரியவனுக்கு வந்தால் அப்படி இல்லை. தலைக்குள், நாக்கில், பாதத்தில், இமைக்குள்ளே. இளநீர் விழுங்கினால் தொண்டையில் கண்ணாடித் தூள் இறங்குகிற மாதிரி இருக்கும். எந்தப் பக்கமும் படுக்க முடியாது. அந்தோணி வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு முறை, வந்த பிறகு ஒரு முறை வருவான்.

"மச்சான், பலாப்பழத்துக்குக் கைகால் வெச்ச மாதிரி கீறடா."

சிரித்தால் உதடு வெடித்து ரத்தம் வரும். அதனாலேயே சிரிக்க வைப்பான், பாவி.

ஐந்தாம் நாள் இருமல் பிடித்தது. மூச்சு பாதிதான் உள்ளே போனது. யாரும் இல்லை. ஜன்னல் ஓட்டை வழியாக வெயில் மட்டும் வந்துகொண்டிருந்தது. செத்துப்போவேன் என்றே நினைத்தேன். கும்பிடலாம் என்றால் கை கூப்ப முடியவில்லை, உள்ளங்கையிலும் முத்து. சரி, கும்பிடாமலே பேசினேன். சத்தமாக.

"தாயி, கேட்டுக்கோ. உன்கிட்ட கீற முத்தெல்லாம் என் மேலயே கொட்டு. எடம் பத்தலன்னா கண்ணுல போடு. ஆனா வசந்தி மேல ஒண்ணு, ஒரே ஒண்ணு உழுந்துச்சு, அப்பறம் நீ ஆத்தா இல்ல. உன் கோயில் பக்கம் தலை வெச்சிக்கூடப் படுக்க மாட்டேன்."

மிரட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த பிரார்த்தனை அதுதான்.

மறுநாள் காலையில் அந்தோணி என்னைக் கேட்காமலே டாக்டரம்மாவை அழைத்து வந்து நிறுத்தினான். நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்த்தார். நுரையீரலில் இறங்கிவிட்டது, இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் பிழைப்பது கஷ்டம் என்றார். ஊசி போட்டார். மாத்திரை கொடுத்தார்.

அந்தோணி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். "உங்க பெரியம்மா மருந்து கூடாதுன்னாங்களே மச்சான். உங்க ஆத்தா கோச்சிக்க மாட்டாங்களா?"

"ஆத்தா ஒண்ணும் எங்க பெரியம்மா இல்லடா, குடு" என்று வாங்கி விழுங்கினேன்.

நாலு நாளில் மூச்சு வந்தது. முத்து காய்ந்து உதிர்ந்தது. தலைக்கு ஊற்ற எங்கள் வீட்டிலிருந்து யாரும் வர முடியாது. வந்தால் ஒட்டிக்கொண்டு போகும். மூன்று தண்ணீரும் அந்தோணிதான் ஊற்றினான். மஞ்சள், வேப்பிலை எல்லாம் முறைப்படி போட்டு, செம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டான். "இன்னா சொல்லி ஊத்தணும்? எனக்கு மாதா ஜெபந்தான் தெரியும்."

"தண்ணி சூடா கீதான்னு பாத்து ஊத்து. அது போதும்."

நான் பிழைத்துவிட்டேன். ஆனால் நான் கேட்டது அது இல்லையே. வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து இருபத்தொரு நாள் அக்காவைக் கவனிக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒவ்வொரு நாளாகச் செங்கல் சுவரில் கரிக்கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

பதினேழாம் நாள் பெரியம்மா வந்தாள். கதவில்லாத வாசலில் நின்றாள்.

"சொன்னேனா இல்லியா? வசந்திக்கு நேத்துலேர்ந்து காச்சல். கைல ரெண்டு முத்து. இப்ப சந்தோசமா?"

அவள் அழுதுகொண்டிருந்தாள்.  சட்டை கூடப் போடாமல் துண்டோடு ஓடினேன். வீட்டுக்கு இல்லை, நம் கோயிலுக்கு. மத்தியானம் நடை சாத்துகிற நேரம். உடம்பெல்லாம் கருப்புத் தழும்போடு நான் போய் நின்றதைப் பார்த்துப் பூசாரியே ஒதுங்கினார்.

"ஒண்ணு கூட வேணான்னுதான கேட்டேன். ரெண்டு போட்டுகீற" என்று கத்தினேன். "நான் எல்லாத்தையும் வாங்கிக்கினேன் இல்ல? உன்னை எங்கயாவது உட்டுட்டுப் போனனா? கூடவேதான வெச்சிருந்தேன்?"

"தம்பி, ஆத்தாகிட்ட இப்டியா பேசறது" என்றார் பூசாரி.

"வேற எப்டிப் பேசறது? மனு எழுதிக் குடுக்கவா?"

அவர் நடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். நான் கம்பிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டேன். பதில் வாங்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று அவளிடமே சொன்னேன். பசி, தலைசுற்றல். எழுந்திருக்கவில்லை.

நாலு மணி இருக்கும். அம்மா வந்தாள். என்னைச் சேக்காட்டில் தேடிவிட்டு வந்திருக்கிறாள். கிட்டே வந்து உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"டாக்டரம்மாகிட்டக் காட்டிட்டு வரேன்" என்றாள். "நீர்க்கடுப்புடா. காச்சல் அதனாலதானாம். மாத்திரை குடுத்துகீறாங்க."

"கைல?"

"கொசுக்கடி. லென்ஸ் வெச்சிப் பாத்து சொன்னாங்க. பெரியம்மாவுக்கும் காட்டினாங்க."

இந்த மொத்தக் கதையிலும் நான் அழுதது அப்போது ஒரு தடவைதான். அம்மா முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, "சண்டை போட்டியாமே. பூசாரி தெருவெல்லாம் சொல்றாரு. ஒரு கற்பூரமாவது ஏத்திட்டு வா" என்றாள். ஏற்றினேன். மன்னிப்புக் கேட்கவில்லை. நன்றி சொன்னேன். அதையும் சத்தமாகத்தான்.

இருபத்தொரு நாளும் முடிந்தது. அதற்கப்புறம் ஐந்தாம் நாள் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய் மேலும் பிள்ளை மேலும் ஒரு முத்து இல்லை.

இதைச் சொன்னால் காலேஜ் பயல்கள், "நீ வெளிய போன, அதனால அவ தப்பிச்சா, இதுல ஆத்தா எங்கடா வந்தா" என்கிறார்கள். நான் போனதால்தான் தப்பித்தாள், யார் இல்லை என்றது? பெரியம்மாவுக்கு முன்னால் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றவன் வாயில் அந்தப் பேச்சை யார் வைத்தது? அதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. தான் வேண்டிக்கொண்டதால்தான் பிழைத்தது என்று பெரியம்மா சொல்கிறாள். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை மட்டும் கோயிலுக்கு வருவேன், வரிசையில் நின்று விபூதி வாங்கிக்கொண்டு போவேன். இப்போது தினம் வருகிறேன். பேசுகிறேன். நீங்களும் பேசுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது அம்மை கண்டால் டாக்டரிடம் காட்டுங்கள், அவள் கோபிக்க மாட்டாள். மாசமாக இருப்பவள் வீட்டில் இருந்தால் வேப்பிலையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போங்கள், ஆத்தா கூடவே வருவாள். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று கத்துங்கள். அவளுக்குக் காது கேட்கும்.

குழந்தைக்கு மூன்று மாசம் முடிந்துவிட்டது. நேற்று முதல் தடவையாகக் குப்புற விழுந்தாள்.