மிசிசாகாவில் பிஸ்டல் பார்க்கப் போன கதை

தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய் மணம்...

மிசிசாகாவில் அந்தத் துப்பாக்கிக் கடையின் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது அதுதான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வெளியே பனி. உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகக் கைத்துப்பாக்கிகள். எனக்குப் பக்கத்தில் என் மனுசி வசந்தி, ஹான்ட்பாக்கை நெஞ்சோடு அணைத்தபடி.

நான் ஏன் அங்கே போனேன்?

அப்போது எயார்போட் பக்கம் ஒரு வெயார்ஹவுசில் வேலை. கூட வேலை செய்த கெவின் ஒரு ஷூட்டிங் கிளப் மெம்பர். ஒருநாள் என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போய், தன் பிஸ்டலைத் தந்து, தூரத்தில் தொங்கிய கடதாசி வட்டத்தைக் காட்டினான். சுட்டேன். வட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை. அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோசம்... அது சந்தோசம்தானா என்றுகூட விளங்கவில்லை. ஊரில் ஆமிக்காரர் மறிக்கிற இடங்களில் துப்பாக்கியை நான் முன்பக்கத்தால் மட்டும்தான் பார்த்திருந்தேன். பின்பக்கத்தால் பார்த்தது அன்றுதான்.

பிறகென்ன, விசர் பிடித்துவிட்டது. வகுப்புக்குப் போய், பொலிஸ் அனுமதியும் எடுத்தாயிற்று. எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம். பொயின்ற் ரூ ரூ என்கிற சின்னக் குண்டு பிஸ்டல் வாங்கு, குண்டு மலிவு, கை உதறாது என்றான் கெவின். இல்லை, றிவோல்வர்தான் சுகம், இடையில் இறுகாது என்றார் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். இரண்டு பேரும் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது.

வீட்டில் வேறு கதை.

"தோசை சுடத் தெரியாது, பிஸ்டல் சுடப் போறாராம்" என்று வசந்தி தங்கச்சியோடு போனில் சிரித்தாள். போனை வைத்ததும் சிரிப்பும் போய்விட்டது.

"இஞ்சாருங்கோ, உந்தத் துவக்கு வீட்டுக்கை வந்தா எனக்கு நித்திரை வராது. சொல்லிப்போட்டன்."

"பூட்டித்தானப்பா வைக்கிறது. இஞ்சத்தைச் சட்டம் அப்பிடி."

"பூட்டினா? உள்ளுக்கை கிடக்குதெண்டு எனக்குத் தெரியுந்தானே. இஞ்ச வந்துதான் விடியுமட்டும் நித்திரை கொள்ளுறன். அதைக் கெடுத்துப் போடாதேங்கோ."

அவள் சொன்னது நியாயம். ஆனால் ஆசை விடவில்லையே! "ஒருக்கா வந்து பாரும், பிறகு சொல்லும்" என்று அவளையும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கடைக்கார வெள்ளைத் தாடிக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். கைக்கு எது பொருந்துகிறதோ அதை எடு என்றார். ஒன்று பாரம். ஒன்று கைக்குள் நிற்கவில்லை. மூன்றாவது அச்சாவாகப் பொருந்தியது... அதுதான் பயமாக இருந்தது. வைக்கவும் மனமில்லை, பிடித்திருக்கவும் மனமில்லை.

அவர் அதை என்னிடமிருந்து வாங்கி, குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஏதோ விளக்கத் தொடங்கினார். அப்போது பக்கத்தில் சர்ரென்று ஹான்ட்பாக் சிப் திறக்கும் சத்தம்.

வசந்தி கவுண்டரில் ஒரு அட்டையை வைத்தாள். ஊரில் தந்த அடையாள அட்டை. ஐசி என்போமே, துவக்கோடு ஆமி மறித்தால் உடனே எடுத்து நீட்டவேண்டியது, அது. வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

தாடிக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இது தேவையில்லை என்று சிரித்தபடி, பார்க்காமலே அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

நான் பிஸ்டலைப் பார்த்தேன். ஐசியைப் பார்த்தேன். அடுத்த கிழமை வருகிறோம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம். பிறகு அந்தப் பக்கம் போகவேயில்லை.

காருக்குள் ஏறியதும் கேட்டாள்:

"அவன் ஏன் ஐசியைப் பாக்கேல்லை?"

பகிடி இல்லை, உண்மையாகவே யோசித்துக் கேட்டாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு காரை எடுத்தேன்.

இப்போது ஸ்ரௌவ்வில்லில் வீடு. புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்கவே ஏலாதபடி சட்டம் வந்துவிட்டது. எதை வாங்குவது என்ற குழப்பமும் தீர்ந்தது. வசந்தி குறட்டை விட்டு நித்திரை கொள்கிறாள், சொன்னால் சண்டைக்கு வருவாள்.

போன கிழமை கோப்பிக் கடை வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு பொலிஸ்காரர். இடுப்பில் பிஸ்டல். எந்த வகையாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்... நிற்கும்போதே என் கை பின்பொக்கற்றுக்குள் போய், அடையாள அட்டை கிடக்கும் பேர்சைப் பிடித்திருந்தது.

வசந்தி கண்டுவிட்டாள். என் முழங்கையைத் தொட்டாள்.

"விடுங்கோப்பா... அவர் கோப்பி குடிக்க வந்தவர்."