மூன்றாவது சாவியில் ஒரு குழி

மலையம்மாள் எங்கள் கடைக்குத் தர வேண்டியிருந்த பாக்கி 1,750 ரூபாய். அந்தத் தொகையை நோட்டில் எழுதியது நான்தான். நாற்பத்திமூன்று வயதில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவன். கதை கட்டுகிற அளவுக்கு எனக்கு எழுத்து வராது. கண்டதைத்தான் எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

என் பெயர் ஒச்சாண்டி. இருபது வருசம் செங்கல் சுமந்தேன். இடுப்பு விட்டுப்போனதும் அல்லிநகரத்தில் பிரின்ஸ் தம்பியின் கிடார் ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். ரிப்பேர் என்பது பெயருக்கு. புது சாமான்களைப் பழசாக்குவதுதான் பெரிய வேலை. பழசு போலத் தெரிகிற கிடாருக்கு இப்போது மவுசு அதிகமாம். தந்தியை முறுக்குகிற சாவிகளை நூலில் கட்டி ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தொங்கவிட வேண்டும். அடியில் பாத்ரூம் கழுவுகிற ஆசிட். மூடி வைத்தால் ராத்திரி முழுக்கப் புகை பட்டு, பளபளப்பு செத்து, முப்பது வருசம் ஆன மாதிரி ஆகிவிடும். நேரம் தப்பினால் அரித்துப்போகும். அதனால் நான் கடையிலேயே படுத்துப் பார்த்துக்கொள்வேன்.

"ஒங்களப் பக்கத்துல ஒக்கார வச்சாலே சாமான் பழசாயிரும்ணே," என்று பிரின்ஸ் தம்பி கிண்டல் செய்வார்.

போன கார்த்திகையில் மேகமலை எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து மலையம்மாள் ஒரு கிடாரோடு வந்தாள். கழுத்து உடைந்திருந்தது. அவள் புருசன் தவசி தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்துக்கொண்டே கச்சேரிகளில் வாசித்தவர். எஸ்டேட் மேனேஜர் ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது கொடுத்த வெளிநாட்டுக் கிடார் அது. தவசி இறந்து வருசம் திரும்பப்போகிறது.

"திதிக்கு அவுக படத்துக்கு முன்னால இத வைக்கணும்ணே. ஒடஞ்சத வைக்க மனசு வரல."

கூலி 2,750. ஆயிரம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலமே பிரின்ஸ் தம்பி அதன் ஆறு சாவிகளையும் கழற்றச் சொன்னார். அசல் பழசு. கொச்சியில் ஒரு பார்ட்டி போட்டோவைப் பார்த்துவிட்டு 22,000 அனுப்பியிருந்தார்.

மூன்றாவது சாவியில் புளியங்கொட்டை அளவு ஒரு குழி இருந்தது. ஒரே பெருவிரல் முப்பது வருசம் தேய்த்த குழி.

"இந்தக் குழிய நம்மளால கொண்டுவர முடியாது தம்பி."

"அந்தம்மா என்ன பூதக்கண்ணாடி வச்சா பாக்கப் போகுது? புதுசு ஆறு எடுத்துத் தொங்க விடுங்கண்ணே."

நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. சனிக்கிழமை வாரக்கூலி வர வேண்டுமே.

கழுத்தை ஒட்டிக் காயவைக்க ஒரு வாரம் ஆனது. பழைய சாவிகள் திங்கட்கிழமை கூரியரில் கொச்சிக்குப் போயின.

செவ்வாய்க்கிழமை ராத்திரி 11.10. புதுச் சாவிகள் ஆறையும் தொங்கவிட்டேன். மூடியைச் சுற்றி டேப் ஒட்டினேன். பாயை விரித்துப் படுத்தேன். அந்தப் பொம்பளையின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

1.40.

கிர்ர்... கிர்ர்...

எலி என்று நினைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். எலி இல்லை. சத்தம் டப்பாவுக்குள் இருந்து வந்தது. கச்சேரிக்கு முன்னால் தந்தியை முறுக்கிச் சுதி சேர்ப்பார்களே... அந்தச் சத்தம்.

உள்ளே தந்தியே கிடையாது.

பக்கத்தில் போனேன். ஆசிட் நெடி மூக்கை எரிக்க வேண்டும். எரிக்கவில்லை. தேயிலைத்தூள் வாசம் வந்தது...

1.52. சத்தம் நின்றது.

டேப்பைப் பிரித்தேன். மூடியைத் தூக்கினேன்.

ஐந்து சாவிகள் அசையாமல் தொங்கின.

மூன்றாவது மட்டும் திரும்பிக்கொண்டிருந்தது.

மெதுவாக...

நின்றது.

தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் விரலை எடுத்த மாதிரி...

அதில் குழி இருந்தது.

விடியும்வரை நான் விளக்கை அணைக்கவில்லை.

காலையில் 7.30-க்கு பிரின்ஸ் தம்பி வந்தார். சாவிகளைக் கிடாரில் பூட்டும்போது மூன்றாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பரவால்லையே. குழியையும் கொண்டாந்துட்டீகளே."

"நான் செய்யல தம்பி."

"ராத்திரி என்ன குடிச்சீக?"

9.20-க்கு மலையம்மாள் வந்தாள். கையில் 500 ரூபாய்தான் இருந்தது.

"நாளைக்குத் திதி தம்பி. ஏலக்காய் எடுத்த கூலி வரவும் மிச்சத்தத் தந்துர்றேன்."

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாக. முழுசாக் கொண்டாந்துட்டு எடுத்துட்டுப் போ."

அவள் கிடாரைத் தடவினாள். விரல் மூன்றாவது சாவியில் போய் நின்றது. தன் பெருவிரலை அந்தக் குழியில் வைத்தாள்.

"இந்தா இருக்கு... அவுக வெரல் தேஞ்ச எடம்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது பிரின்ஸ் தம்பிக்குப் போன் வந்தது. கொச்சி பார்ட்டி. தம்பி பின்னறைக்குப் போய்ப் பேசினார். குரல் ஏறியது, பிறகு அடங்கியது. என்னைக் கூப்பிட்டார்.

"பார்சல இப்பத்தான் பிரிச்சாராம். 'சேட்டா, ஆறும் புது சாதனமாணல்லோ'ங்கிறாரு. ஆறும் புதுச் சாமானாம். காச திருப்பிக் கேக்குறாரு. நான் என் கையாலதானண்ணே பேக் பண்ணேன்..."

வாட்ஸப்பில் வந்திருந்த போட்டோவைக் காட்டினார்.

ஆறு சாவிகள். கடையிலிருந்து அப்போதுதான் வாங்கினது மாதிரி பளபளவென்று. மூன்றாவதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தோம்.

குழி இல்லை.

தம்பி போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அந்தக் கணக்க அடிச்சிருங்கண்ணே. அந்தம்மா எடுத்துட்டுப் போகட்டும். இப்பவே."

மலையம்மாள் நம்பவில்லை. ஐந்நூறையாவது வாங்கிக்கொள்ளச் சொன்னாள். தம்பி அந்த நோட்டைத் தொடவில்லை.

"அவுக இருந்திருந்தா, ஒங்க ரெண்டு பேரு கையையும் பிடிச்சுக்கிருவாக."

பிரின்ஸ் தம்பி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவள் கிடாரைத் தோளில் சாய்த்து பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். கூப்பிட்டு உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். இன்றுவரை சொல்லவில்லை.

நோட்டை எடுத்தேன். 1,750-ஐ அடித்தேன். பக்கத்தில் 'பாக்கி இல்லை' என்று எழுதினேன். முதலாளி கையெழுத்துப் போடுகிற இடம் அது. தம்பி கிட்டே வரவில்லை.

நானே போட்டேன்.