வாசலில் நின்றவன்

இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாவிலிருந்து மேலே ஏறும் தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில், ஸ்டோரில் டிரையர் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தவன் சுமன். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அரைத்துப் புளிக்கவைத்த கொழுந்து ஈரம் காயாமல் வந்து மெஷினின் தலையில் விழும். சங்கிலியில் கோத்த இரும்புத் தட்டுகள் அதைச் சுமந்துகொண்டு மெதுவாக நகரும். விறகடுப்பின் வெக்கை தட்டுகளின் ஓட்டைகள் வழியாக மேலேறும். மறுமுனையில் கறுத்த தூளாகக் கொட்டும். அந்தச் சங்கிலியின் சத்தத்தில் ஒரு சின்ன இழுவை கேட்டாலும் சுமன் சோற்றுப் பார்சலை மூடிவைத்துவிட்டு எழுந்து போவான். வேறு பெருமை எதுவும் அவனிடம் இருந்ததில்லை.

கம்பெனி அந்த ஸ்டோரை மூடியது. கொழுந்தை லொறியில் ஏற்றி இன்னொரு தோட்டத்துக்குக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். மெஷின்கள் பழைய இரும்புக்குப் போயின. காலையில் ஆளுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில், சுமனைத் தண்ணீர் வடியும் கான் வெட்டப் பேர் கூப்பிட்டார்கள். மழையில் நின்று மண்ணை அள்ளிப்போட்டுவிட்டு வருகிறவன் வீட்டில் யாரிடமும் பேசாமல் படுத்துவிடுவதைப் பார்த்து அவன் மனைவி பிரியந்திதான் முதலில் வெளிநாட்டுப் பேச்சை எடுத்தாள். ஹட்டனில் ஒரு ஏஜென்சி, வளைகுடாவில் கடலோரத்து இரும்பாலை ஒன்றுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. சூளை வேலை பழகியவர்கள் என்றால் உடனே எடுப்பார்களாம்.

சுமன் போகிறான் என்றதும் பிரியந்தியின் தம்பி கிஷாந்தும் கிளம்பினான். டவுனில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். இருபத்தைந்து வயதுக்குள்தான். எந்த வளைவிலும் பிரேக் பிடிக்காதவன் என்று பெயர் வாங்கியவன். அவனுடைய தாய் அம்மாக்கண்ணு, சுமன் வீடு இருந்த அதே லயத்து வீட்டு வரிசையில் இரண்டு காம்பரா தள்ளி இருந்தாள். ஒரே மகன். முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். மகன் அசையவில்லை. கடைசியில் சுமனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அவனுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது மாப்பிள. நீங்கதான் எப்பவும் பக்கத்துல நிக்கணும்" என்றாள்.

"நிக்கிறேன் அத்தை" என்றான் சுமன்.

இரும்பாலையில் இருவருக்கும் ஒரே பகுதியில் வேலை கிடைத்தது. சின்டர் மெஷின் என்று அதற்குப் பெயர். கப்பலில் வந்து இறங்கும் இரும்புக் கனிமம் பாதிக்கு மேல் மாவாகத்தான் இருக்கும். அதை அப்படியே பெரிய உலையில் கொட்டினால் உலை மூச்சடைத்துப் போகும். அதனால் அந்த மாவோடு கரித்தூளையும் சுண்ணாம்பையும் தண்ணீர் விட்டுக் கலந்து, ரயில் பெட்டிகள் போல ஒன்றையொன்று தொட்டு நகரும் இரும்புத் தட்டுகளில் மெத்தையாகப் பரப்புவார்கள். ஒரு கூரைக்கு அடியில் போகும்போது மேலேயிருந்து நெருப்பைக் கக்கி மெத்தையின் முதுகைப் பற்றவைப்பார்கள். அதற்குப் பிறகு கீழே இருக்கும் ராட்சச விசிறி காற்றை உறிஞ்ச உறிஞ்ச, நெருப்பு மெல்ல மெல்ல அடிவரை இறங்கும். கடைசி முனைக்கு வரும்போது மாவெல்லாம் உருகி ஒட்டிச் செங்கல் சூளையில் கருகிய கட்டி மாதிரி ஆகியிருக்கும். தட்டு தலைகீழாகத் திரும்பும்போது அது செந்தணலாக உடைந்து விழும். பல்வைத்த உருளைகள் நொறுக்கும்.

முதல் நாள் சுமன் அதை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தான். தட்டு, சங்கிலி, வெக்கை, எல்லாம் அவனுக்குத் தெரிந்ததுதான். காற்று மட்டும் இங்கே மேலிருந்து கீழே போனது. கிஷாந்த் அவன் தோளில் கைபோட்டுச் சிரித்தான்.

"நம்ம டிரையர்தான் மச்சான். ராவணன் செஞ்ச டிரையர்."

வேலை கடினம். வெயிலும் சூளையும் சேர்ந்து கண் இமையைத் தீய்த்தன. தலையணையில் காலையில் பார்த்தால் முகம் பதிந்த இடம் செம்புழுதியாக இருக்கும். சுமனுக்குப் பழகிவிட்டது. கிஷாந்துக்கோ அது பிடித்தே போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் போனைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு பேசுவான். நெருப்புக் கட்டிகள் விழுவதைப் படம் பிடித்து அனுப்புவான். அம்மாக்கண்ணு அதைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் போகாதே என்பாள். போகவில்லை, தூரத்திலிருந்து எடுத்ததுதான் என்று பொய் சொல்வான். முகாமில் வங்காளதேசத்து ஜமால் என்பவன் அவனுக்குக் கூட்டாளியானான். இருவருக்கும் ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. அரைகுறை இந்தியில் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது வருஷம் மராமத்துக்காக மெஷினை நிறுத்தினார்கள். அப்போதுதான் அது நடந்தது.

காற்றை உறிஞ்சும் விசிறிக்குப் போகும் குழாய் மெஷினுக்கு அடியில் நீளமாகக் கிடக்கும். ஒரு லொறியை உள்ளே விடலாம், அவ்வளவு அகலம். ஆனால் ஆள் நுழைவதற்கு உள்ளது ஒரு வட்டத் துவாரம் மட்டும்தான், குனிந்து தவழ்ந்துதான் போகவேண்டும். குழாயின் தரையில் இறுகிப்போன தூசியைச் சுரண்டி எடுப்பது அன்றைய வேலை. சில நாள் ஆறவிட்டிருந்தார்கள். காலையில் ஒருவர் கருவி கொண்டுவந்து காற்றைச் சோதித்துவிட்டுப் போனார். கிஷாந்தும் ஜமாலும் உள்ளே. சுமன் வாசலில். உள்ளே இருப்பவர்களை அடிக்கடி கூப்பிட்டுப் பார்ப்பதும், குரல் வராவிட்டால் ஆளைக் கூட்டுவதும்தான் வாசலில் நிற்பவனுடைய வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோரையும் உட்காரவைத்து இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். உள்ளே விழுந்தவனைத் தூக்க, முகமூடியும் சிலிண்டரும் இல்லாமல் போகிறவன் இரண்டாவது பிணம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் இன்னும் ஆழமாகப் போனார்கள். சுமன் கூப்பிட்டான்.

"கிஷாந்த்."

"இருக்கேன் மச்சான்."

மறுபடி கூப்பிட்டான். இருக்கிறேன் என்று மறுபடி பதில் வந்தது. தூசிக் குவியல் ஒன்றின் வயிற்றுக்குள் கரி அணையாமல் புகைந்துகொண்டு கிடந்தது யாருக்கும் தெரியாது. மண்வெட்டி அதை உடைத்தது. அதிலிருந்து வந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. சுமன் மூன்றாம் முறை கூப்பிட்டபோது பதில் வரவில்லை.

டார்ச்சை அடித்தான். ஜமால் வாசலை நோக்கித் தவழ்ந்து வந்து, கைக்கெட்டும் தூரத்தில் முகங்குப்புற விழுந்தான். சுமன் தரையில் படுத்துத் தோள்வரை உள்ளே விட்டு, அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்து வெளியே போட்டான். பிறகு வெளிச்சத்தை ஆழத்துக்குத் திருப்பினான். கிஷாந்த் குழாயின் சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி, களைப்பாறுகிறவன் போல உட்கார்ந்திருந்தான். தலை மட்டும் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

சுமன் ஒரு காலை உள்ளே வைத்தான். அவனுக்கே தலை சுற்றியது. இரண்டாவது பிணம் என்று சொன்ன குரல் காதில் கேட்டது. காலை வெளியே எடுத்தான். விசிலை ஊதினான், கத்தினான், மறுபடி ஊதினான். சிலிண்டர் மாட்டிய ஆட்கள் ஓடி வந்தார்கள். சீக்கிரமாகத்தான் வந்தார்கள் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். கிஷாந்தை வெளியே கொண்டுவந்து நெஞ்சை அமுக்கினார்கள். சுமன் அவனுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தான். பாதத்தில் சூடு இருந்தது. ஆனால் அந்த ஊரில் எதைத் தொட்டாலும் சூடுதான்.

ஜமால் பிழைத்துக்கொண்டான்.

சவப்பெட்டியோடு சுமன் ஊருக்கு வந்தான். வருவதற்கு முன்பு, கூட வேலை செய்த ஹட்டன் றிஷாத் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு யோசனை சொன்னான். அன்றைக்கு வேறு ஷிப்டில் இருந்ததாக வீட்டில் சொல்லிவிடும்படி. அங்கே போய்ச் சரிபார்க்க யாரும் வரப்போவதில்லை என்றான். விமானம் முழுக்கச் சுமன் அதையே யோசித்துக்கொண்டு வந்தான். சொல்லிவிடலாம் என்றுதான் தீர்மானித்திருந்தான்.

லயத்து முற்றத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். தூறல். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அம்மாக்கண்ணு அழவில்லை. பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு சுமனையே பார்த்தாள்.

"நீங்க எங்க இருந்தீங்க மாப்பிள?"

வேறு ஷிப்ட் என்ற சொல் நாக்குநுனி வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்து அவனால் அதைச் சொல்ல முடியவில்லை.

"வாசல்ல நின்னேன் அத்தை" என்றான்.

பெட்டியைத் தோட்டத்து மயானத்துக்குக் கொண்டுபோனபோது, கொள்ளிச் சட்டியைப் பிடிக்க வீட்டில் வேறு ஆண் இல்லாததால் சுமன் முன்னே வந்தான். அம்மாக்கண்ணு பங்காளி மகன் ஒருவனைக் கைகாட்டி அவனிடம் கொடுக்கச் சொன்னாள். அத்தனை பேருக்கும் முன்னால் சுமன் ஒதுங்கி நின்றான்.

திரும்ப வரச்சொல்லி இரும்பாலை இரண்டு முறை அழைத்தது. அவன் போகவில்லை. வீட்டில் பிரியந்தி சோறு போட்டாள், துணி துவைத்தாள், கொழுந்துக்குப் போய்வந்தாள். பேச்சு மட்டும் தேவைக்குத்தான். ஒருநாள் அவன் மேல்கழுவப் போகும்போது, அவனுடைய முதுகைப் பார்த்து, அதிகம் சத்தமில்லாமல் கேட்டாள்.

"யாரோ ஒருத்தன இழுத்துப் போட்டீங்களே, அப்ப அந்தக் கை நீண்டுச்சுதானே?"

அவன் கை எட்டிய தூரத்தைச் சொல்லிப் பார்த்தான். வாயுவைப் பற்றிச் சொன்னான். நானும் போயிருந்தால் இரண்டு பெட்டி வந்திருக்கும் என்று சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே தன் குரல் வக்கீலின் குரல் மாதிரி கேட்டது. பாதியில் நிறுத்திவிட்டான்.

பிறகு கொழுந்து லொறி போகும் அந்தப் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில் டிரையர் வேலை கிடைத்தது. மெஷின் சத்தத்துக்குள் இருந்தபோது அவனுக்குக் கொஞ்சம் தூக்கம் வரத் தொடங்கியது, சாப்பிட முடிந்தது. ஒரு மாதம்போல நன்றாகத்தான் போனது. அடுப்பை நிறுத்திப் புகைக் குழாயைச் சுத்தம் செய்யும் நாள் வந்தது. முந்தின நாளே அடுப்பு அணைந்துவிட்டது, சாம்பலை எல்லாம் வாரிவிட்டார்கள். சின்னராசா என்ற தொழிலாளி எப்போதும் செய்கிற மாதிரி சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே தலையை நுழைத்தான். சுமன் ஓடிவந்து அவனை இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்தான். அடுப்புக் கதவைச் சாத்தி அதில் முதுகை வைத்து உட்கார்ந்துகொண்டான்.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் நல்ல மனுஷன். சிங்களமும் தமிழும் கலந்து பொறுமையாக எடுத்துச் சொன்னார். கதவு இரண்டு பக்கமும் திறந்துதான் இருந்தது, காற்று ஓடுகிறது, இத்தனை வருஷமாக ஒருத்தருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்றார். எல்லாம் உண்மை. சுமனுக்கும் அது உண்மை என்று தெரிந்தது. ஆனாலும் அவனால் எழுந்திருக்க முடியவில்லை. கடைசியில் நாலு பேர் சேர்ந்து அவனைத் தூக்கி வெளியே கொண்டுபோய் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்கள். சின்னராசா உள்ளே போய், வேலையை முடித்து, உடம்பெல்லாம் கரியோடு சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். கொஞ்ச நாள் வீட்டில் இரு, பிறகு பார்ப்போம் என்று டீமேக்கர் சொல்லி அனுப்பினார்.

செய்தி லயத்துக்கு அவனுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. அன்று சாயங்காலம் அம்மாக்கண்ணு அவர்களுடைய காம்பராவுக்கு வந்தாள், சாவுக்குப் பிறகு முதல் தடவையாக. உள்ளே வராமல் நிலைப்படியில் நின்றாள். பிரியந்தி அடுப்பை விட்டு எழுந்தாள்.

"அவன் என்னயக் கூப்பிட்டானா?" என்று கேட்டாள் அம்மாக்கண்ணு.

"இல்ல அத்தை. யாரயும் கூப்பிடல. ஒக்காந்தவாக்குலயே..."

அவள் சேலைத் தலைப்பில் மழை சொட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க செஞ்சது சரின்னு எல்லாரும் சொல்றாங்க. ஜமால் தம்பியும் போன்ல அழுது அழுது சொல்லிச்சி, என்னமோ பாஷையில. எனக்கும் வெளங்குது. நீங்களும் உள்ள போயிருந்தா எம் மகளும் தாலி அறுத்திருப்பா. எல்லாம் வெளங்குது மாப்பிள. ஆனா ஒங்கள பாக்குற நேரமெல்லாம் எனக்கு அந்த வாசல்தான் தெரியுது. கோவம் இல்ல. முடியல, அவ்வளவுதான்."

அவள் போன பிறகு பிரியந்தி சுவரில் சாய்ந்து அழுதாள். அத்தனை மாதங்களில் அவன் முன்னால் அவள் அழுதது அன்றுதான். சுமன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவள் தள்ளிப் போகவில்லை.

ஒரு வயதான தாய் தினமும் பீலியில் தண்ணி பிடிக்கப் போகும் வழியில் தன்னைப் பார்க்கவேண்டியிருக்கிறது என்பது சுமனுக்குத் தாங்கமுடியாததாக இருந்தது. வலப்பனைப் பக்கம் ஒருவருடைய மரக்கறித் தோட்டத்தில் வேலைக்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு, தான் மட்டும் போவதாகச் சொன்னான். நீ அம்மாவோடு இரு என்றான். அவன் புறப்படும் காலையில் அவளுடைய துணிகளும் பையில் இருந்தன. அம்மாவிடம் என்ன சொன்னாள் என்று அவன் கேட்கவில்லை.

இப்போது அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். சுமன் லீக்ஸுக்கு மண் அணைக்கிறான், கோவாப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறான். திறந்த வெளியில் வேலை. மெஷின் எதுவும் இல்லை. தண்ணீர் மோட்டாரைக்கூட வேறொருவன்தான் பார்க்கிறான். ஜமால் எப்போதாவது அழைக்கிறான். அவனுக்கு ஒரு மகன் பிறந்திருக்கிறானாம். படத்தைக் காட்டினான். சுமன் நல்லது என்றான். போனை வைத்ததும் வரப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

தீபாவளிக்கும் திவசத்துக்கும் பிரியந்தி மட்டும் தோட்டத்துக்குப் போய்வருவாள். இந்த வருஷத் திவசத்துக்குப் போய்த் திரும்பியவள், பையை இறக்கிவைத்து, ஈரக் காலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அங்க குளிர் கூடவா, மாப்பிளைக்குப் போத்திக்க நல்ல கம்பளி இருக்கான்னு அம்மா கேட்டாங்க."

சுமன் நிமிர்ந்து பார்த்தான். என்ன சொன்னாய் என்று கேட்டான்.

"இருக்குன்னு சொன்னேன்."

அவன் தலையை ஆட்டினான். மழை விட்டிருந்தது. மம்பட்டியை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனான்.