பிரபாலினி கலைத்த காந்தச் சுழிகள்

பீல் நகரத்துக் கடிகாரத் தொழிற்சாலையில் பிரபாலினியின் கைக்கு ஒரு பேர் இருந்தது. கண்ணுக்கே எட்டாத திருகாணியைக்கூட அசங்காமல் பூட்டிவிடுவாள். அங்கே காந்தம் பெரும் சத்துரு. கொஞ்சம் ஏறினாலும் கடிகாரம் தறிகெட்டு ஓடும். அதனால் வேலைக்கு உட்கார்ந்ததும் சாமணம் என்னும் சிறு இடுக்கியைக் காந்தநீக்கிக்குள் விட்டு எடுப்பது அவளுக்குப் பல் விளக்குவது மாதிரி ஆகிவிட்டது.

நாற்பது வயது தாண்டி அவள் மாறிப்போன இடமோ, காந்தத்தையே கட்டிக்கொண்டு மாரடிக்கும் ஆய்வுகூடம். உலோகப் படலத்துக்குள் வட்டமாய்ச் சுருண்டு கிடக்கும் நுண்ணிய காந்தச் சுழிகளுக்கு அங்கே ஸ்கிர்மியன் என்று பேர். மின்சாரம் பாய்ச்சினால் அவை எந்தப் பக்கம் நகர்கின்றன, எப்படி நெளிகின்றன என்று பார்ப்பது கோயம்புத்தூர்க்காரன் ஆதித்யாவின் ஆராய்ச்சி. படலம் பூசிய சில்லுக்கு முடியைவிட மெல்லிய கம்பி பொருத்துவது பிரபாலினியின் வேலை. அவளது ப்ரோபெட்சைட், அதாவது தகுதிகாண் காலம், அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அவள் தேறினாளா என்று சொல்லவேண்டியவனும் ஆதித்யாதான்.

புதன்கிழமை அவன் பாடுபட்டுச் சுழிகளை உண்டாக்கி, கழன்ற கம்பியை மாற்றச் சொல்லிச் சில்லைக் கொடுத்தான். அவள் கை, பழைய தொழிற்சாலைக் கை, சில்லைப் பிடித்த சாமணத்தை அப்படியே மேசையிலிருந்த காந்தநீக்கிக்குள் விட்டு எடுத்தது. எடுத்த பிறகுதான், சுழிகளும் அழிந்திருக்கும் என்று உறைத்தது. ஒருவரும் பார்க்கவில்லை. பேசாமல் இருந்தால் படலத்தில்தான் பழுது என்று அந்தப் பிள்ளை மாதக்கணக்கில் மண்டையை உடைப்பான். கம்பியை மாற்றிக்கொண்டு நேரே போனாள்.

"தம்பி, நான்தான் பிழை விட்டிட்டன். சில்லோட சேர்த்துக் காந்தநீக்கிக்குள்ள விட்டிட்டன்."

ஆதித்யாவின் முகம் சுண்டிப்போனது. "ஐயோ அக்கா! எல்லாம் போயிருக்குமே. சரி, கம்பியாவது பிடிச்சிருக்கான்னு பாத்துடலாம்."

திரையில் ஒரு சுழியும் இல்லை. இடியப்பம் பிழிந்தது போல வெறும் காந்தக் கோடுகள். அவன் அரை மனதாய் மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாய் விட்டான். படலத்தின் நடுவில் ஓர் ஒடுக்கமான கழுத்து உண்டு. கோடுகள் அதற்குள் நெருக்கியடித்துப் புகுந்தன. மறுபக்கம் அறுந்து, உருண்டு, சுழிகளாய் விழுந்தன. மின்சாரத்தைக் கூட்டினான். சுழிகள் நேரே போகாமல் பக்கவாட்டில் ஒதுங்கின, முட்டை வடிவாய் நீண்டன. அவள் கம்பி அறவில்லை.

"இப்படி நடக்கும்னு படிச்சிருக்கேன். நம்ம சில்லுல பாப்பேன்னு நினைக்கவே இல்ல!" அவன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். "ஆனா ஒரு தடவை வந்தா போதாது. மறுபடியும் அழிச்சுக் குடுங்க அக்கா. அடுத்த வாரமும் தினம் வேணும்."

"அடுத்த கிழமையுமோ? இந்த வெள்ளியோட என்ர ப்ரோபெட்சைட் முடியுதெல்லோ?"

"நீங்க இல்லாம வேற யாரு?"

பிரபாலினிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மறைக்காமல் வந்து சொன்னதை நினைத்துத்தான் அவளுக்கு அதிகப் பெருமை. "ஓம்" என்று சொல்லிச் சில்லைச் சாமணத்தில் எடுத்தாள். இந்த முறை தெரிந்தே, ஆற அமர, காந்தநீக்கிக்குள் விட்டாள்.